தோள்பட்டைக்குள் ஒரு மொச்சைக்கொட்டை

துறையூரிலிருந்து உப்பிலியபுரம், சோபனபுரம் தாண்டி பச்சைமலை ஏறும் பேருந்து, டாப் செங்காட்டுப்பட்டியில் நின்றபோது வெயில் இன்னும் உறைக்கத் தொடங்கவில்லை. மருத்துவ முகாமுக்கு நேரமிருந்தது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த அக்காவுக்கு ஐம்பது வயது இருக்கும். கடைக்காரர் நீட்டிய கிளாஸை இடது கையால் வாங்கினார். வலது கை மடியிலேயே கிடந்தது.

"கையில என்னக்கா?"

"தூக்க முடியல கண்ணு. ரெண்டு வருசமா தோள்பட்டை பிடிச்சுக்கிட்டு விடவே மாட்டேங்குது. வாயுப் பிடிப்புன்னாங்க, தைலம் தேச்சேன். நரம்புக் கோளாறுன்னாங்க, ஊசி போட்டேன். கீழ போயி ஸ்கேனும் எடுத்தாச்சு. ஒண்ணுமில்லன்னு அனுப்பிட்டாங்க. ஒண்ணுமில்லாமலா இப்படி வலிக்கும்?"

வலிக்கு வைத்தியம் பார்க்கும் இந்தப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாக இந்த ஒரு கேள்வியைத்தான் நான் வெவ்வேறு வாய்களில் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அன்று அந்த அக்காவுக்கு இரண்டு டீ நேரத்தில் சொன்னதை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் கையால் தேடினேன். கேட்டுக்கொண்டுதான் தொட்டேன். பிடரிக்கும் தோள்முனைக்கும் நடுவே இருக்கும் சதையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் பிடித்து மெதுவாக உருட்டினால், நல்ல தசை பிசைந்த மாவு போல வழுக்கிக்கொண்டு போகும். அக்காவின் தோளில் அப்படிப் போகவில்லை. முறுக்கிய சணல் கயிறு மாதிரி ஒரு இழை தட்டுப்பட்டது. அந்தக் கயிற்றில் ஓரிடத்தில் மொச்சைக்கொட்டை அளவுக்கு ஒரு கெட்டி. அதன் மேல் விரலை வைத்து அழுத்தினேன்.

"அம்மாடி! அங்கதான் கண்ணு, அதேதான்! காதுக்குப் பின்னால ஏறி நெத்திப்பொட்டுல வந்து குத்துது பாரு!"

நான் தொட்டது தோளை, அவருக்கு வலித்தது நெற்றிப்பொட்டில். அவருக்கு அடிக்கடி ஒரு பக்கத் தலைவலியும் உண்டாம். அதற்குத் தனியாக மாத்திரை போட்டுக்கொண்டிருந்தார். தோள்வலியும் தலைவலியும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று இரண்டு வருடத்தில் அவருக்கு யாரும் சொல்லவில்லை.

தசை என்றால் என்னவென்று எல்லோருக்கும் தெரியும். அதைப் போர்த்தியிருப்பதுதான் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் தொடைக்கறி வாங்கிக் கழுவும்போது, சதையின் மேல் பளபளவென்று வெள்ளையாக ஒரு மெல்லிய சவ்வு ஒட்டிக்கொண்டிருக்கும். கத்திக்கு வழுக்கும், இழுத்தால் கண்ணாடித்தாள் மாதிரி உரிந்து வரும். ஜவ்வு என்கிறோமே, அதுதான். மருத்துவத்தில் ஃபேசியா. நம் உடம்பில் ஒவ்வொரு தசையையும், தசைக்குள் இருக்கும் ஒவ்வொரு கற்றையையும், கற்றைக்குள் இருக்கும் ஒவ்வொரு நாரையும் இது சுற்றியிருக்கிறது. உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை அறுபடாமல் போகும் ஒரே போர்வை. பச்சைமலையில் பலாப்பழத்துக்குப் பஞ்சமில்லை என்பதால் அக்காவுக்கு அதை வைத்தே சொன்னேன்: சுளை தசை என்றால், சுளையைச் சுற்றி நெருக்கிப் பிடித்திருக்கும் சடைதான் இந்த ஜவ்வு. சடை இல்லாவிட்டால் சுளைகள் ஒழுங்காக நிற்காது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். நம் ஊரில் முதுகெலும்புகளுக்கு நடுவில் இருக்கும் வட்டும் ஜவ்வுதான், முழங்காலுக்குள் கிழிவதும் ஜவ்வுதான். "ஜவ்வு விலகிடுச்சு" என்று ஒருவர் சொன்னால் அவர் எதைச் சொல்கிறார் என்று நானே திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. நான் பேசுவது தசையைப் போர்த்திய ஜவ்வைப் பற்றி. அது விலகுவதில்லை. வழுக்கல் குறைந்து இறுகிப்போகிறது.

ஜவ்வின் அடுக்குகளுக்கு நடுவே வழுவழுப்பான ஒரு பொருள் இருக்கிறது, ஹயலுரோனிக் அமிலம். இத்தாலியின் பாதுவா பல்கலைக்கழகத்தில் கார்லா ஸ்டெக்கோ என்ற உடற்கூறியலாளர் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறார். ஓர் உறுப்பை அசைக்காமலே வைத்திருந்தாலும், ஒரே மாதிரி அளவுக்கு மீறி உழைக்க வைத்தாலும், இந்த வழுவழுப்பு கெட்டிப்பட்டுப் பசை போல ஆகிவிடுகிறது என்பது அவருடைய விளக்கம். அமெரிக்காவில் ஹெலீன் லாஞ்செவின் குழுவினர் 2011-இல் அல்ட்ராசவுண்டில் கீழ்முதுகைப் பார்த்தார்கள். நாள்பட்ட இடுப்புவலிக்காரர்களுக்கு அந்த ஜவ்வு அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று நழுவுவது, வலியில்லாதவர்களைவிட ஏறக்குறைய 20 சதவீதம் குறைவாக இருந்தது. வலியால் அசைவு குறைந்து நழுவல் போனதா, நழுவல் போனதால் வலி வந்ததா? அந்த ஒரு ஆய்வைக் கொண்டு முடிவு கட்ட முடியாது. ஆனால் கையால் தடவிப் பார்க்கும்போது நாங்கள் உணரும் அந்த இறுக்கம் கற்பனை இல்லை என்பதற்கு எனக்கு அது போதும்.

மொச்சைக்கொட்டைக்கு வருவோம். தசை வேலை செய்யும்போது சுருங்கும், வேலை முடிந்ததும் தளர வேண்டும். தளர்வதற்கும் சக்தி வேண்டும் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். அக்கா தினமும் சும்மாடு கூட்டி விறகுக்கட்டை ஏற்றிக்கொண்டு மேடும் பள்ளமுமாக நடப்பவர். அறுவடை வந்தால் நாள் முழுக்கக் குச்சிக்கிழங்கு பிடுங்குவார். செடியை இரண்டு கையாலும் பற்றி, பின்னால் சாய்ந்து, மூச்சைப் பிடித்து இழுக்க வேண்டும். அப்போதெல்லாம் அந்தத் தோள் தசை விடாமல் இறுகியே இருக்கிறது. இறுகிய தசை தனக்குள் ஓடும் நுண்ணிய ரத்தக் குழாய்களைத் தானே நெரிக்கிறது. ரத்தம் குறைந்தால் தளர்வதற்கான சக்தியும் குறைகிறது, கழிவுகள் தேங்கி நரம்பு நுனிகளை உறுத்துகின்றன, உறுத்தலால் தசை இன்னும் இறுகுகிறது. இப்படி ஒரு சிறு பகுதி மட்டும் பூட்டிக்கொண்டு நிற்பதுதான் அந்த முடிச்சு என்று ஒரு கருத்து. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் ஜே ஷா என்ற மருத்துவர் 2005-இல் முடி போன்ற மெல்லிய ஊசியால் இத்தகைய முடிச்சுகளிலிருந்து திரவம் எடுத்துப் பார்த்தார். வலியைத் தூண்டும் வேதிப்பொருள்கள் அங்கே கூடுதலாக இருந்தன.

இதை ஏற்காத அறிஞர்களும் உண்டு. 2015-இல் க்விண்ட்னர் முதலான மூவர், முடிச்சு என்று தனியாக ஒன்றில்லை, நரம்பின் எரிச்சலைத்தான் தசையின் கோளாறாக நினைத்துக்கொள்கிறோம் என்று கடுமையாக எழுதினார்கள். இரண்டு மருத்துவர்கள் ஒரே தோளைத் தொட்டு ஒரே இடத்தைச் சொல்வதும் எப்போதும் நடப்பதில்லை. இந்த வாதம் முடியவில்லை. முடியும்வரை நோயாளி காத்திருக்க முடியாது என்பதால், எந்தப் பெயர் வைத்தாலும் அந்த இடத்தில் வலி இருக்கிறது என்ற ஒன்றை நான் விடாமல் பிடித்துக்கொள்கிறேன்.

வலிக்கிற இடம் ஒன்று, வலி பிறக்கிற இடம் வேறு என்பதைப் பொறுமையாகச் சோதித்துக் காட்டியவர் லண்டனில் இருந்த ஜோனாஸ் கெல்கிரன். 1938-இல் தம் உடம்பிலும் தாமாக முன்வந்தவர்கள் உடம்பிலும் கடுமையான உப்புக் கரைசலைத் தசைக்குள் ஊசியால் ஏற்றி, எங்கே வலிக்கிறது என்று படம் வரைந்தார். பிட்டத்துத் தசையில் போட்ட ஊசிக்குத் தொடை வழியாக வலி இறங்கியது. இன்றைக்கு 'நரம்பு இழுக்குது' என்று வருபவர்களில் சிலருக்குக் குற்றவாளி முதுகெலும்பில் இல்லை, உட்காரும் இடத்துச் சதையில் இருக்கிறது.

அந்த வரைபடங்களை வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டவர் ஜேனட் ட்ராவல் (1901-1997). முதுகுவலியால் ஊன்றுகோலோடு நடந்துகொண்டிருந்த ஜான் கென்னடிக்கு வைத்தியம் பார்த்தவர். 1961-இல் கென்னடி அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஆனபோது வெள்ளை மாளிகை மருத்துவரான முதல் பெண். தசைகளுக்கு ஊசி போட்டதோடு நிற்காமல், கென்னடி உட்காரும் நாற்காலியையும் மாற்றினார். உலகம் படத்தில் பார்த்த அந்த ஆடும் நாற்காலி ட்ராவலின் சிபாரிசு. ஒரே நிலையில் தசையை நிற்க விடாதே என்பதுதான் அதன் உட்பொருள். ஸ்ரீரங்கத்துப் பழைய வீடுகளில் கூடத்து ஊஞ்சலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த அம்மையார் ஞாபகம் வரும். டேவிட் சைமன்ஸோடு சேர்ந்து 1983-இல் அவர் வெளியிட்ட கையேட்டைத்தான் இன்றும் எங்கள் தொழிலில் விரித்து வைத்துக்கொள்கிறோம்.

சரி, இரண்டு வருடம் ஏன் நீடித்தது? மூன்று மாதத்தைத் தாண்டிய வலியை நாள்பட்ட வலி என்கிறோம். அதற்குப் பிறகு தசையும் ஜவ்வும் மட்டும் பேசுவதில்லை, நரம்பு மண்டலமே தன் பழக்கத்தை மாற்றிக்கொள்கிறது. காட்டுப்பன்றிக்காகக் கொல்லையில் பரண் கட்டிக் காவல் இருப்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு ராத்திரி பன்றி புகுந்து பாதிக் கிழங்கைத் தோண்டிப் போட்டுவிட்டது. மறுநாளிலிருந்து சருகு அசைந்தாலும் அவர் தகரத்தைத் தட்டுவார். பன்றி வராத ராத்திரியிலும் ஊரே விழித்துக்கொள்ளும். காவலாளி பொய் சொல்லவில்லை, பயந்துபோயிருக்கிறார். முதுகுத் தண்டுவடத்துக்குள் இப்படி ஒரு மிகைக் காவல் உண்டாவதை க்ளிஃபர்ட் வூல்ஃப் என்ற ஆய்வாளர் 1983-இல் விலங்குகளில் காட்டினார். தூக்கம் கெட்டாலும், கவலை கூடினாலும், 'உனக்கு ஒண்ணுமில்ல' என்று நாலு பேர் சொன்னாலும் அந்தக் காவலாளி இன்னும் வேகமாகத் தட்டுவார்.

'ஒண்ணுமில்ல' என்று நானும் சொல்லியிருக்கிறேன். படிப்பு முடித்த புதிதில், ஒரு மருத்துவமனையில், தறி ஓட்டும் ஓர் அம்மாவிடம் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் காட்டி, "பாருங்கம்மா, சுத்தமா இருக்கு, மனசைத் தைரியமா வச்சுக்கங்க" என்று சொல்லி அனுப்பினேன். தோளைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அவர் படத்தை மஞ்சள் பைக்குள் திணித்துக்கொண்டு தலை குனிந்து போனது இன்றும் கண்ணில் நிற்கிறது.

இதன் மறுபக்கமும் உண்டு. அக்காவின் கொழுந்தனாருக்கு இடுப்பில் ஸ்கேன் எடுத்து, வட்டு பிதுங்கியிருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து மனிதர் குனிவதில்லை, கடப்பாரை எடுப்பதில்லை. வலியே இல்லாத 3,110 பேரின் படங்களைத் தொகுத்துப் பார்த்த ஆய்வு 2015-இல் வந்தது. இருபது வயதுக்காரர்களில் 30 சதவீதம் பேருக்கும், ஐம்பது வயதுக்காரர்களில் 60 சதவீதம் பேருக்கும் வட்டு பிதுங்கியிருந்தது. அவர்கள் நன்றாகத்தான் நடமாடிக்கொண்டிருந்தார்கள். தலை நரைப்பது மாதிரி முதுகும் நரைக்கிறது. படத்தில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் வலி பொய்யாகிவிடாது. ஒன்று தெரிகிறது என்பதால் அதுதான் வலிக்குக் காரணம் என்றும் ஆகிவிடாது.

ஊசி, மாத்திரை பற்றி அக்கா கேட்டார். மருந்துக் கடையில் சீட்டில்லாமல் பொட்டலம் கட்டித் தரும் செட் மாத்திரை மலைக்கு வெகு காலம் முன்பே ஏறிவிட்டது. அதில் ஒரு வலி மாத்திரை, ஒரு வயிற்று மாத்திரை, சில சமயம் ஒரு ஸ்டீராய்டும் இருக்கும். இரண்டு நாள் உடம்பு பறக்கும், மூன்றாம் நாள் வலி திரும்பும். மாதக்கணக்கில் தொடர்ந்தால் இரைப்பை புண்ணாகும், சிறுநீரகம் கெடும், ஸ்டீராய்டால் எலும்பு மெலியும், சர்க்கரை ஏறும். அடிக்கடி போடும் வலி ஊசி டைக்ளோஃபினாக். மாடுகளுக்குப் போட்ட இதே மருந்துதான், செத்த மாட்டைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்து இந்தியாவில் அவற்றின் கூட்டத்தையே கிட்டத்தட்ட அழித்தது. 2006-இல் கால்நடைக்கு அதைத் தடை செய்தார்கள். மனிதச் சிறுநீரகம் கழுகின் சிறுநீரகம் இல்லைதான். ஆனாலும் நீர் குடிக்காமல் வெயிலில் வேலை செய்யும் ஒருவர் வாராவாரம் போட்டுக்கொள்ளும் மருந்து அது இல்லை.

உடம்பு முழுக்க வலி பரவி, தூக்கமும் கெட்டு, எழுந்ததும் அசதியாக இருப்பது ஃபைப்ரோமயால்ஜியா எனப்படும் வேறொரு நிலை. அதற்கு மருத்துவர் சில சமயம் மனச்சோர்வுக்கோ வலிப்புக்கோ கொடுக்கும் மருந்தைக் கொடுப்பார். பைத்தியத்துக்கு மாத்திரை கொடுத்துவிட்டார்கள் என்று பயந்து தூக்கி எறிய வேண்டாம். பரண் மேல் இருக்கும் காவலாளியைச் சாந்தப்படுத்தத்தான் அது.

முடிச்சுக்குள்ளேயே மருந்தில்லாத வெறும் ஊசியைச் செலுத்தும் முறையும் இருக்கிறது. செக் நாட்டு மருத்துவர் காரெல் லெவிட் 1979-இல், ஊசி மருந்தைவிட ஊசியின் குத்துக்கே பலன் இருக்கிறது என்று எழுதியதிலிருந்து அது பரவியது. பயின்ற கை செய்தால் சிலருக்கு நல்ல ஆறுதல். தோளிலும் முதுகிலும் கை தவறினால் நுரையீரலைக் குத்திவிடும், அதனால் கண்டவரிடம் குத்திக்கொள்ளக் கூடாது.

அக்காவுக்கு நான் சொன்ன வைத்தியத்துக்குக் காசு ஆகாது. நாள்தான் ஆகும். இரவில் கல்லுப்பைத் துணியில் முடிந்து, தோசைக்கல்லில் சூடாக்கிப் பத்து நிமிடம் ஒத்தடம். நொச்சி இலை கிடைத்தால் அதுவும் நல்லது. சர்க்கரை நோயால் மரத்துப்போன இடத்தில் மட்டும் சூடு வேண்டாம், பொசுங்கினாலும் தெரியாது. ஒத்தடம் முடிந்த கையோடு, பேரன் விளையாடும் ரப்பர் பந்தைத் தோள்பட்டை எலும்புக்கும் முதுகெலும்புக்கும் நடுவே வைத்துச் சுவரில் சாய வேண்டும். முடிச்சின் மேல் பந்து உட்காரும்போது 'வலிக்குது, ஆனா சுகமா இருக்கு' என்கிற அளவுக்கு அழுத்தம், முப்பது வரை எண்ணும் நேரம், மூச்சை அடக்காமல். பல்லைக் கடிக்க வைக்கும் அழுத்தம் தசையை இன்னும் பயமுறுத்தும். சுளுக்கு எடுக்கிறேன் என்று கன்றிச் சிவக்க உருவி விடுவதை இதனால்தான் நான் விரும்புவதில்லை, இதமாக எண்ணெய் தேய்த்து விடுவதற்கு மறுப்பே இல்லை.

அடுத்தது அசைவு. சுவரில் விரல்களை எறும்பு ஊர்வது போல ஏற்றி, நேற்றுப் போன உயரத்துக்கு இன்று ஒரு விரல்கடை கூட. பெஞ்சிலேயே செய்து பார்த்தோம். கை தோள் உயரத்தைத் தாண்டியதும் முகம் சுளித்தது. நிறுத்தி, இறக்கி, மூச்சு விட்டு, மறுபடியும். நல்லா இருக்கிற நாளில் ஒரே மூச்சாக எல்லா வேலையையும் முடித்துவிட்டு அடுத்த மூன்று நாள் படுப்பதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. நல்ல நாளிலும் கெட்ட நாளிலும் அளவு ஒன்றாக இருக்கட்டும், வாரத்துக்கு ஒரு முறை கொஞ்சம் கூட்டலாம். ஆறு வாரத்துக்கு முன்னால் பலனைக் கணக்குப் பார்க்க வேண்டாம். வலி அறவே போய்விடும் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. கை மேலே போகும், தூக்கம் வரும், வலி வருகிற நாள்கள் குறையும்.

சில வலிகளை நான் தொடாமலே மருத்துவரிடம் அனுப்பிவிடுவேன். காய்ச்சலோ காரணமில்லாத எடைக்குறைவோ சேர்ந்து வரும் வலி, ராத்திரி எந்தப் பக்கம் படுத்தாலும் விடாத வலி, கையோ காலோ பலம் இழப்பது, இடுப்புவலியோடு சிறுநீர் மலம் கட்டுப்பாடு போவது, மேடு ஏறும்போது மட்டும் நெஞ்சும் இடது தோளும் அடைத்து வேர்ப்பது. கடைசியாகச் சொன்னதை வாயு என்று விட்டவர்களை நான் இழந்திருக்கிறேன். ஆறாத தசைவலிக்குப் பின்னால் வைட்டமின் டி குறைவோ, தைராய்டோ, ரத்தசோகையோ இருக்கலாம் என்பதால் ஒரு ரத்தப் பரிசோதனையும் வேண்டும். அக்காவை அதற்கு எழுதிக் கொடுத்து அனுப்பினேன்.

மலையிலிருந்து திருச்சிக்கு எண்பது கிலோமீட்டர். மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனைக்கு வந்து போவது ஒரு நாள் கூலி. பத்து நிமிட இயன்முறைச் சிகிச்சைக்கு வாரம் இரண்டு முறை யாரால் வர முடியும்? 2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கியபோது, ரத்த அழுத்த மாத்திரையோடு இயன்முறைச் சிகிச்சையும் வீடு தேடி வரும் என்றது எனக்குப் பெரிய செய்தி. ஒரு வட்டாரத்துக்கு ஓர் இயன்முறை மருத்துவர் என்பது இந்த மலைக்கெல்லாம் போதாது. ஆனால் கதவைத் தட்டி வருகிற கை ஒன்று இருக்கிறது, கேட்டு வாங்க வேண்டும்.

இரண்டாவது டீ முடியும்போது அக்கா கேட்டார்: "எல்லாம் சரி கண்ணு, விறகு தூக்காம அடுப்பு எரியுமா?"

நியாயமான கேள்வி. ஓய்வெடுங்கள் என்று சீட்டில் எழுதுவது எனக்குச் சுலபம். ஒரே கட்டை இரண்டாகப் பிரிக்கலாமா என்று பேசினோம். இரண்டு நடைக்கு நேரமில்லை என்றார். அப்போது எனக்கு நம் பழைய சாலையோரங்களில் இருக்கும் சுமைதாங்கிக் கல் ஞாபகம் வந்தது. இரண்டு கல்லை நட்டு மேலே ஒன்றைக் கிடத்தி, தலைச்சுமையை யார் உதவியும் இல்லாமல் இறக்கி வைக்கிற உயரத்தில் இருக்கும். பிள்ளைத்தாய்ச்சியாக இறந்த பெண்ணின் நினைவாக அந்தக் காலத்தில் நட்டார்கள். கழுத்துத் தசை தளர்வதற்கு வேண்டிய அந்த ஐந்து நிமிடத்தை யாரோ ஒருவர் கல்லில் எழுப்பி வைத்திருந்தார்.

அடுத்த முறை நான் மலையேறியபோது மூன்று மாதம் ஆகியிருந்தது. அக்கா காட்டுப் பாதைக்குக் கூட்டிப் போனார். பாதி வழியில் இரண்டு கவைக்கொம்புகளை நட்டு, குறுக்கே ஒரு மரத்தைக் கிடத்தியிருந்தார்கள். கொழுந்தனார்தான் குழி தோண்டினாராம், கடப்பாரை எடுத்து. கட்டை அதன்மேல் சாய்த்துவிட்டு, அக்கா வலது கையைப் பக்கத்து மரத்தில் வைத்து விரல்களை மேலே ஏற்றிக் காட்டினார்.

"இது வரைக்கும் வருது. இந்தக் கிளைக்கு இன்னும் எட்டல."